புல்லறிவு அன்று

தமிழில் ‘புல்லறிவு’ என்னும் சொல் ஒன்று உண்டு. சிறுமையுடைய அறிவு என்பது அதன் பொருள். திருவள்ளுவரும் ‘புல்லறிவாண்மை’ எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, அத்தகைய அறிவினரை இடித்துரைத்துள்ளார். அச்சொல்லிலுள்ள ‘புல்’ என்பது புன்மையைக் குறிக்குமேயன்றித் தரையில் முளைக்கும் புல்லைக் குறிப்பதன்று. ஆயினும், காலப்போக்கில் இவ்விரண்டையும் நாம் ஒன்றாகவே எண்ணிவிட்டோம் போலும்! ஒருவரை இகழ வேண்டின் புல்லுக்கு ஒப்பிடுகிறோம். புல்லின் வகைகளை ஆராய்வதிலே வாழ்நாளைச் செலவிட்டவரைக் கண்டால், “இவருக்கு வேறு வேலை இல்லையோ?” என்று நகைக்கிறோம். இந்த நகைப்புத் தவறானது. புல்லைப் பற்றிய அறிவு புல்லறிவு அன்று. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருத்து எனக்கு நூல்களால் வந்ததன்று. மாணவி ஒருத்தியால் வந்தது. பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், வெள்ளத்தில் வளைந்து கொடுத்துப் பிழைக்கும் நாணலைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். “நாணல் எது ஐயா?” என்று அவள் வினவினாள். “நொய்யற்கரையில் உயர்ந்து வளர்ந்து, வெண்கொண்டை முடித்து நிற்கிறதே, அதுதான் அம்மா” என்று விடை கூறினேன். மறுநாள் அவள் இரண்டு புற்களைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள். இரண்டும் உயரமானவை, இரண்டும் ஆற்றங்கரையில் வளர்ந்தவை, இரண்டுக்கும் கொண்டை உண்டு. “என் தாத்தா இதை நாணல் என்கிறார், அதைக் கொறுக்கை என்கிறார். இரண்டும் ஒன்றா, வேறா?” என்று கேட்டாள். நான் விடையறியாது நின்றேன். நாணல் என்னும் சொல்லுக்குப் பொருள் கூறி முப்பது ஆண்டுகள் கழித்தவன் நான். அந்தச் சொல்லை அறிந்திருந்தேன். அந்தப் புல்லை அறிந்திலேன். அன்று அடைந்த நாணம் என்னைப் புல்லின் பக்கம் திருப்பியது.

பொருள்களை வகைப்படுத்தும் முயற்சி நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் மரபியலிலே தாவரங்களை இரு கூறாகப் பிரித்தார். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அவர் வகுத்தார். அவர் வகுப்பின்படி பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினத்தைச் சார்ந்தவை. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்னும் உறுப்புப் பெயர்களையும் அவ்வினத்திற்கு உரியனவாக அவர் எடுத்துரைத்தார். உயரத்தைக் கண்டு மயங்காமல், தண்டின் உள்ளமைப்பைக் கண்டு பிரித்த அவர்தம் கூர்மை போற்றத்தக்கது. மூங்கில் புல்லே என்று இன்றைய தாவரவியலும் கூறுகின்றது. ஆயினும் பனையையும் தெங்கையும் அது வேறு குடும்பத்தில் வைக்கிறது. இதனால் நாம் அறிவது யாது? ஓர் அடையாளத்தைக் கொண்டு செய்யும் பாகுபாடு நெடுந்தொலைவு அழைத்துச் செல்லும். ஆனால் முடிவு வரை அழைத்துச் செல்லாது என்பதே.

ஆகையால், இன்றைய அறிஞர் பல அடையாளங்களை ஒருங்கே நோக்குவர். முதலில் தண்டைக் காண்பர். கோரையின் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டையாக, கணுவின்றி இருக்கும். புல்லின் தண்டு உருண்டு, கணுக்கள் உடையதாக இருக்கும். அடுத்து, இலையின் தாள் தண்டைத் தழுவி நின்று விரியும் இடத்தைக் காண்பர். அங்கே சிறுநாக்குப் போன்ற உறுப்பு ஒன்று உண்டு. சில புற்களில் அது மெல்லிய தோலாக இருக்கும். சிலவற்றில் மயிர் வரிசையாக இருக்கும். பின்னர்க் கதிரைப் பிரித்து, அதிலுள்ள சிறுகதிர்களின் அமைப்பையும், உமியின் நரம்பையும், மயிரையும், கூரையும் நோக்குவர். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் தாவரவியல் பயிற்றிய இரங்காச்சாரியார் என்பவர், தாடுலிங்கம் என்பவரின் துணையோடு, தென்னிந்தியப் புற்கள் சிலவற்றைப் பற்றிய கையேடு ஒன்றை 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார். 

எங்கள் கொங்கு நாட்டு உழவரும் இவ்வகையில் அறிஞரே. முதலிபாளையத்திலிருந்து காங்கயம் நோக்கிச் செல்வோர், கிளுவை வேலி சூழ்ந்து, இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும் மேய்ச்சல் நிலங்களைக் காணலாம். அவற்றைக் கொறங்காடு என்பர். காங்கயம் காளைகளை வளர்த்த நிலம் அதுவே. அந்நிலத்தின் தலையாய செல்வம் கொழுக்கட்டைப் புல். அதனை ஒரே புல்லென்று பிறர் எண்ணலாம். ஆனால், ஆடுமாடு மேய்ப்போர் கதிரைக் கையில் உருவிப் பார்த்தே வகை பிரிப்பர். ஒரு வகையின் கதிரில் முட்கள் நீண்டு, மென்மயிர் போல் இருக்கும். மற்றொரு வகையில் அவை குறுகித் தடித்து, அடியில் ஒட்டி நிற்கும். நூலறிஞர் இவற்றை இரு வேறு இனங்களாகப் பிரித்ததும் இதே அடையாளத்தைக் கொண்டுதான். எழுத்தறியா மேய்ப்பர் கையும் நூலறிஞர் கண்ணும் ஓரிடத்தில் கூடுவது வியப்பன்றோ!

இனி, கண்ணால் காண இயலாத அடையாளம் ஒன்றைக் காண்போம். ஒவ்வோர் உயிரின் உடலும் நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. அணு ஒவ்வொன்றின் கருவுள்ளும் நூலிழை போன்ற நுண்பொருள்கள் சில உள்ளன. அவை சாயத்தை ஏற்றுத் தெளிவாகத் தோன்றுவதால் குரோமோசோம் எனப் பெயர் பெற்றன. தமிழில் நிறப்புரி எனலாம். பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைக்குக் கொண்டுசெல்வன இவையே. புல்லின் வளரும் வேர்நுனியைக் கிள்ளியெடுத்து, மதுசாரமும் காடியமிலமும் கலந்த நீரில் இட்டுப் பதப்படுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் இவற்றை எண்ணலாம். சாயத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நம் வட்டாரத்து மாணவர்க்கு இது விளங்காத செய்தி அன்று. துணியில் சாயம் ஏறினால் அழகு தெரிகிறது. அணுவில் சாயம் ஏறினால் குலம் தெரிகிறது.

“எண்ணி என்ன பயன்?” என்று கேட்பீராயின், உங்கள் வீட்டுத் தொழுவத்திலிருந்தே விடை கூறுகிறேன். கறவை மாடு வளர்ப்போர் பலரும் கம்பு நேப்பியர் என்னும் ஒட்டுப்புல்லைப் பயிரிடுகின்றனர். அதனைக் கரணை வெட்டி நடுவரேயன்றி விதைத்து வளர்ப்பதில்லை. காரணம் என்ன? கம்பின் அணுவில் 14 நிறப்புரிகள் உள்ளன. நேப்பியர்ப் புல்லில் 28 உள்ளன. இரண்டும் தத்தம் பாதியைப் பிள்ளைக்குத் தருகின்றன. ஏழும் பதினான்கும் சேர, ஒட்டுப்புல்லில் 21 ஆகின்றது. இந்த ஒற்றைப்படை எண் இணை இணையாகப் பிரிய இயலாது. ஆகவே நல்விதை தோன்றுவதில்லை. கரணையின் பின்னே இக்கணக்கு நிற்கிறது.

பருத்தி புல் அன்று. ஆயினும், பின்னலாடை ஊரில் பிறந்த உங்களுக்கு அதனையும் கூற வேண்டும். நம் முன்னோர் விளைத்த கருங்கண்ணிப் பருத்தியில் 26 நிறப்புரிகள் உள்ளன. அமெரிக்க இனத்தைச் சார்ந்த கம்போடியாப் பருத்தியில் 52 உள்ளன. இவ்விரண்டையும் கலந்தால் பிறக்கும் செடியில் 39 இருக்கும். அது பெரும்பாலும் மலடாய் நிற்கும். இரண்டு செடிகளையும் ‘பருத்தி’ என்னும் ஒரு சொல்லால் அழைக்கிறோம். ஆனால், அவற்றினிடையே உள்ள மதிலை எண்தான் காட்டிற்று.

கண்ணை எண் திருத்திய இடம் ஒன்றையும் காண்க. கேழ்வரகுப் பயிரைப் போலவே தோன்றும் காட்டுப்புல் ஒன்று வழியோரத்திலும் வயலிலும் முளைக்கிறது. அதுவே கேழ்வரகின் தாய் என்று ஒருவர் கருதினால் அவரைக் குறை கூறுதல் இயலாது. சாயல் அவ்வளவு நெருங்கியது. ஆனால் கேழ்வரகில் 36 நிறப்புரிகளும் அக்காட்டுப்புல்லில் 18உம் உள்ளன. ஆராய்ந்து சென்றபோது, 36 நிறப்புரிகள் உடைய மற்றொரு காட்டுப்புல் ஆப்பிரிக்காவில் இருப்பதும், கேழ்வரகு அதிலிருந்தே வந்தது என்பதும் புலனாயின. நம் வழியோரப் புல் அந்தக் குடும்பத்திற்கு உறவுதான். ஆனால் தாய் அன்று.

இவ்விரு நெறிகளும் கூடிப் பெரும்பயன் விளைத்த இடம் நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரே. அங்கே 1912ஆம் ஆண்டில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் தலைவராக விளங்கிய பார்பர் என்னும் ஆங்கில அறிஞர், இந்திய நாட்டுக் கரும்புகளைத் தோற்றத்தால் ஆராய்ந்து, முங்கோ, சரேத்தா, சன்னபில், பன்சாகி, நர்கோரி என ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார். கணு, மொக்கு, இலைத்தாள், மயிர் ஆகியனவே அவர்க்குத் துணை நின்றன. அக்காலத்தில் வடநாட்டுக் கரும்பு மெலிந்தது. தென்னாட்டின் பருத்த இனிய கரும்போ வடநாட்டுக் குளிரைத் தாங்கவில்லை. இதற்கு மருந்து எது? ஆற்றங்கரையிலே கேட்பாரற்றுக் கிடந்த நாணல்தான்!

நாணலும் கரும்பும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. நாணலில் இனிமை இல்லை; ஆனால் நோயையும் வறட்சியையும் குளிரையும் தாங்கும் உரம் உண்டு. பார்பரும் வேங்கடராமன் என்னும் தமிழ் அறிஞரும் ‘வெள்ளை’ என்னும் கரும்பைக் கோவை நாணலோடு கலந்து உருவாக்கிய புதுக்கரும்பு, ‘கோ 205’ என்னும் பெயரோடு 1918ஆம் ஆண்டில் வெளிவந்தது. வடநாட்டு வயல்களில் அது செழித்தது. அதன் பின்வந்த ‘கோ’ கரும்புகள் நாடெங்கும் பரவின. கடல் கடந்தும் சென்றன. நாம் தேநீரில் இடும் சருக்கரையில் நாணலின் பங்கு உண்டு என்பதை எத்தனை பேர் அறிவர்?

கலப்பு நிகழ்ந்த பின்னரே கணக்குத் தெளிவாயிற்று. வெள்ளைக் கரும்பில் 80 நிறப்புரிகள். கோவை நாணலில் 64. பாதியும் பாதியும் சேர்ந்தால் 72 ஆதல் வேண்டும். ஆனால் கோ 205இல் இருந்தவை 112! தாய்க்கரும்பு தன் பாதியைத் தராது, எண்பதையும் முழுமையாகத் தந்துவிட்டது. நாணல் தன் பாதியாகிய முப்பத்திரண்டைத் தந்தது. கரும்பையும் நாணலையும் கலக்கும்போது இவ்வாறு நிகழ்தலை 1920களில் சாவகத் தீவில் ஆராய்ந்த பிரெமர் என்னும் அறிஞர் விளக்கினார். பிள்ளைக் கரும்பு தாயின் இனிமையைப் பெரிதும் இழவாமல் தந்தையின் உரத்தையும் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்துறையில் சிறந்த பெண்மணி ஒருவரின் பெயரை நீங்கள் மறத்தலாகாது. அவர் ஜானகி அம்மாள். 1897ஆம் ஆண்டில் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது. 1934 முதல் கோவைக் கரும்பு நிலையத்தில் பணிபுரிந்து, இந்திய நாணல் வகைகளின் நிறப்புரிகளை எண்ணி, 1936இல் தம் ஆய்வை வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்பவரோடு இணைந்து, பயிர்த் தாவரங்களின் நிறப்புரி எண்களைத் தொகுத்துப் பெருநூல் ஒன்றை 1945இல் வெளியிட்டார். நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1984இல் மறைந்தார். புல்லை எண்ணியவர் பெற்ற புகழ் இது.

அவரும் பிறரும் எண்ணியதால் வெளிப்பட்ட உண்மை வியப்பூட்டுவது. நாணல் என நாம் ஒரு பெயரால் அழைக்கும் இனத்தில், 40 நிறப்புரிகள் உடையது முதல் 128 உடையது வரை பல வகைகள் உள்ளன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றியது எண்ணுக்குப் பலவாகியது.

அவ்வாறாயின், கண்ணை விடுத்து எண்ணையே பற்றிக்கொள்ளலாமோ எனின், அதுவும் தவறு. சாவகத்து நாணலில் 112 நிறப்புரிகள் உண்டு. கோ 205 கரும்பிலும் 112 உண்டு. எண் ஒன்றே; ஆனால் ஒன்று காட்டுப்புல், மற்றொன்று ஆலைக்கரும்பு. இனிய கரும்பில் 80. நாணலின் ஒரு வகையிலும் 80. கரும்பின் எண்பது, பத்துப்பத்தாக அமைந்த எட்டுத் தொகுதி. நாணலின் எண்பது, எட்டெட்டாக அமைந்த பத்துத் தொகுதி என்பது பின்னாளில் அறியப்பட்டது. தலையை எண்ணுவதால் குடும்பம் விளங்கிவிடாது. யார் யாருக்கு உறவு என்பதும் விளங்க வேண்டும். 2018ஆம் ஆண்டில் நாணலின் மரபுச் செய்தி முழுவதையும் அறிஞர் படித்து வெளியிட்டனர். அத்தகைய ஆய்வும், “இப்புல் இன்னது; இன்ன இடத்தில் எடுக்கப்பட்டது” என்று ஒருவர் கண்ணால் கண்டு குறித்த பின்னரே தொடங்க இயலும். ஆகவே, கண் முதற்படி; எண் அடுத்த படி. ஒன்றை ஒன்று இகழ்தல் அறிவுடைமை ஆகாது.

மாணவர்களே, இவற்றையெல்லாம் நான் கூறுவது பொழுதுபோக்கிற்காக அன்று. எங்கள் வட்டாரத்தில் கொறங்காடுகள் குறைந்து வருகின்றன. மேய்ச்சல் நிலத்தில் மனைக்கற்கள் முளைக்கின்றன, தொழிற்கூடங்கள் எழுகின்றன. நொய்யலாற்றிலே சாயக்கழிவு பெருகியதன் விளைவாக, 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது. நான் தொழிலின் பகைவன் அல்லேன். தறியும் ஊசியும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. என்னிடம் பயின்றோரிற் பலர் அவற்றால் வாழ்கின்றனர். ஆயினும், ஒரு நிலத்தை விற்கும்போதும் ஓர் ஆற்றைக் கெடுக்கும்போதும் அங்கே நிற்கும் புல்லுக்கு நாம் விலை வைப்பதில்லை. 1918க்கு முன் கோவை நாணலுக்கும் யாரும் விலை வைத்ததில்லை. அந்த நாணல் அன்று அழிந்திருப்பின், அதன் மதிப்பை அறிதற்கு வழியே இருந்திராது.

கொழுக்கட்டைப் புல்லில் மற்றொரு நுட்பமும் உண்டு. அது பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையால் கருவுறாமலே விதை ஈனும். ஆகவே விதையில் முளைப்பது தாயின் அச்சாகவே இருக்கும். ஒரு கொறங்காட்டில் தலைமுறை தலைமுறையாக நின்ற வகை அழியுமாயின், அண்டை நிலத்து வகைகள் கலந்து அதனை மீண்டும் தோற்றுவித்தல் அரிது. ஒரே படியுள்ள ஓலைச்சுவடியைக் கரையானுக்குக் கொடுத்ததற்கு ஒப்பாகும் அது. சுவடி அழிந்ததை எண்ணி வருந்தும் தமிழர், புல் அழிவதற்கும் வருந்துதல் வேண்டும்.

ஆதலின் நான் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு பள்ளியிலும் ‘புல்லேடு’ ஒன்று இருக்கட்டும். தம் ஊர்ப் புற்களை மாணவர் வேரோடும் கதிரோடும் எடுத்து, தாளிடை வைத்து உலர்த்தி ஒட்டட்டும். எடுத்த இடம், நாள், உயரம், இலையின் அகலம், சிறுநாக்கின் அமைப்பு, கதிரின் வடிவம் ஆகியவற்றைக் குறிக்கட்டும். ஊரார் வழங்கும் பெயரையும் தவறாது எழுதட்டும். அப்பெயரோடு அதனைக் கூறிய முதியவரின் அறிவும் காக்கப்படும். நிறப்புரிகளை எண்ணும் கருவி பள்ளியில் இல்லாமற் போகலாம். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கரும்பு நிலையமும் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் உள்ளன. அங்குள்ளோர் எண்ணுவர். ஆனால், எதை எண்ணுவது என்று காட்டுதற்கு ஊர்தோறும் கண்கள் வேண்டும். அக்கண்கள் உங்களுடையவை.

தமிழ் கற்பித்தவன் இதனைக் கூறுவானேன் என்று சிலர் வினவலாம். சொல்லும் பொருளும் பிரியாதவை என்பது நான் கற்ற பாடம். ஊரில் உள்ள பொருளை அறியாதார் நாவில் அதன் பெயர் நெடுநாள் வாழாது.

அன்று அம்மாணவி வைத்த இரு புற்களையும் மறுநாள் அறிவியல் ஆசிரியரிடம் எடுத்துச் சென்றோம். அவர் கைக்கண்ணாடியால் இலையடியை நோக்கினார். ஒன்றின் சிறுநாக்கு மெல்லிய தோலாகவும், மற்றொன்றினது மயிர் வரிசையாகவும் இருந்தன. “இரண்டும் வேறு வேறு புற்கள், உன் தாத்தா கூறியதே சரி” என்றார். அவள் முகம் மலர்ந்தது. நான் என் குறிப்பேட்டைத் திறந்து, நாணல் என்னும் சொல்லுக்கு நேரே முன்னர் எழுதியிருந்த ‘ஆற்றோரப் புல்வகை’ என்பதை அடித்துவிட்டு, அவள் காட்டிய அடையாளங்களை எழுதிக்கொண்டேன்.